தேர்தல் நேரத்தில் சொத்துவரித் தகராறு: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூர் மாநகராட்சியில் 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் வாக்கில் முடிகிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி நகர்மன்றங்களுக்கும் அதே கணக்குதான். வார்டில் ஓட்டுக் கேட்டு வருபவர்கள் வீட்டு வரியைத் தொடாமல் பேசுவதில்லை. கையில் டிமாண்ட் நோட்டீஸை வைத்துக்கொண்டு "இதை என்ன செய்வது, தேர்தல் முடியட்டுமா?" என்று யோசிப்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

மேயர் வேட்பாளர் வரியைக் குறைப்பதாகச் சொல்கிறார். அவருக்கு நான் நேரடியாக ஓட்டுப் போட முடியுமா?

இப்போதைய சட்டப்படி முடியாது. நீங்கள் ஓட்டுப் போடுவது உங்கள் வார்டு கவுன்சிலருக்கு. ஓசூரின் 45 வார்டுகளிலும் ஜெயித்தவர்கள் கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் மேயரே கிடையாது. அவை நகராட்சிகள். ஆளுக்கு 33 வார்டு, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் நகர்மன்றத் தலைவர்.

இந்த ஏற்பாடு அடிக்கடி மாறியிருக்கிறது. 1996லும் 2001லும் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006ல் மறைமுகம், 2011ல் மறுபடி நேரடி. 2016ல் மறைமுகம் என்று சட்டம் வந்து, 2018ல் நேரடியாகி, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மீண்டும் மறைமுகமானது. அதனால் "நான் மேயரானால்" என்று யாராவது பேசினால், முதலில் அவர் எந்த வார்டில் நிற்கிறார் என்று கேளுங்கள்.

சரி, யார் மேயரானாலும் வரியைக் குறைக்க முடியுமா, முடியாதா?

தனியாளாக முடியாது. மேயர் மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். வரி விகிதம் மாமன்றத் தீர்மானத்தால் முடிவாகிறது, அந்தத் தீர்மானமோ மாநில அரசு சொன்ன வரம்புக்குள் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு நோட்டீஸ் அனுப்புவது ஆணையரின் அதிகாரம்.

கொஞ்சம் பழைய கதையைப் பார்த்தால் இது புரியும். சென்னையில் 1998க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நடக்கவே இல்லை. 2018ல் அதிமுக அரசு வரியை உயர்த்தியது. அப்போது ஓசூரில் கவுன்சிலரே இல்லை. 2016ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தாகி, அரசு நியமித்த தனி அலுவலர்களின் ஆட்சிதான் நடந்துகொண்டிருந்தது. 2019 நவம்பர் 19ம் தேதி, உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடுபிடித்த நேரத்தில், அந்த உயர்வை அதே அரசு நிறுத்தி வைத்தது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். மேயர் தேர்தலை மறைமுகமாக்கும் முடிவும் அதையொட்டியே வந்தது.

அப்புறம் 2022. பிப்ரவரி 19ல் நகர்ப்புறத் தேர்தல், மார்ச் 4ல் மேயர்கள் தேர்வு. மேயர்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஏப்ரல் தொடக்கத்தில் திமுக அரசின் உயர்வு அறிவிப்பு வந்தது. தீர்மானம் போட வேண்டிய பொறுப்பு புதுக் கவுன்சிலர்கள் தலையில் விழுந்தது. பிரச்சாரத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள் முதல் சில கூட்டங்களிலேயே கைதூக்க வேண்டியதாயிற்று.

இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் உயர்வோ நிறுத்தமோ சென்னைக் கோட்டையிலிருந்துதான் வந்தது, ஓசூர் மாமன்றத்திலிருந்து வரவில்லை. அதற்கு மேலே டெல்லியும் இருக்கிறது. 15வது நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமென்றால் சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூல் மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக ஏற வேண்டும் என்று நிபந்தனை போட்டது. வரியைப் பாதியாக்குவேன் என்கிற வார்டு வேட்பாளரிடம் "மானியம் போனால் எதை வைத்துச் சாலை போடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வைத்திருப்பவர் இருந்தால் அவருக்கே ஓட்டுப் போடலாம் என்பது என் கருத்து.

அப்படியானால் என் பில்லை எதிர்த்து நான் எதுவுமே செய்ய முடியாதா?

நிறையச் செய்யலாம். எல்லாரும் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று விகிதம்: சதுர அடிக்கு எவ்வளவு, எத்தனை சதவீத உயர்வு. அது அரசியல். அதை ஓட்டாலும் போராட்டத்தாலும்தான் மாற்ற முடியும். மற்றொன்று மதிப்பீடு: உங்கள் வீடு எத்தனை சதுர அடி, எந்த மண்டலம், குடியிருப்பா கடையா, கான்கிரீட்டா ஓடா, எத்தனை வருடக் கட்டடம். இது கோப்பும் டேப்பும் சம்பந்தப்பட்ட வேலை. இதில் தவறு இருந்தால் யார் மேயராக இருந்தாலும், மேயரே இல்லாவிட்டாலும், மனு போட்டுத் திருத்தலாம்.

"வரி அநியாயம்" என்று எழுதிய மனு குப்பைக்குப் போகும். "என் வீடு 1,180 சதுர அடி, நீங்கள் 1,220 என்று போட்டிருக்கிறீர்கள்" என்று எழுதிய மனுவுக்கு யாராவது டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாக வேண்டும்.

நாற்பது சதுர அடிக்கு இவ்வளவு சண்டையா?

ஆமாம், அந்த நாற்பது அடி உங்களை அடுத்த படிக்கட்டில் ஏற்றிவிடுகிறது என்றால். 2022 சீராய்வில் நம் பக்க ஊர்களுக்குக் குடியிருப்பு உயர்வு இப்படி வந்தது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. தொழிற்சாலைகளுக்கும் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் 75, வணிகக் கட்டடங்களுக்கு 100.

பழைய அரையாண்டு வரி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,180 சதுர அடி என்றால் 1,500 ஆகும். மாடிப்படிக்கு மேல் போட்ட தகர ஷீட்டையும் சேர்த்து 1,220 என்று அளந்தால் 1,750. வருடத்துக்கு 500 ரூபாய் வித்தியாசம். சேர்த்த அளவுக்கான வரி தனி. இந்த வருடத்தோடு முடிந்துவிடுகிற பணமாகவும் இதை நினைக்க வேண்டாம். அடுத்த உயர்வு எப்போது வந்தாலும் இந்தத் தொகையின் மேல்தான் ஏறும். சென்னை மாநகராட்சி 2024ல் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டபோது அப்படித்தான், இருக்கும் வரியின் மேல் 6 சதவீதம்.

வேறு என்னென்ன தவறுகள் அதிகம் வருகின்றன?

ஓசூரில் முதலிடம் பயன்பாட்டுக்கு. முன்னறையில் ஒரு காலத்தில் பெட்டிக்கடை இருந்தது, மூடிப் பல வருடம் ஆகிறது, பதிவேட்டில் இன்னும் வணிகம். அல்லது கீழ்த்தளம் மட்டும் கடை, மாடியில் குடியிருக்கிறார்கள், மொத்தமும் வணிகமாகப் பதிவாகியிருக்கிறது. இதற்கு நல்ல சாட்சி மின் கட்டண ரசீது. வீட்டு டாரிஃபில் ஓடுகிற இணைப்பைக் கடை என்று சொல்வது கடினம். பகுதி கடை என்றால் இரண்டு மீட்டர், இரண்டு ரசீது இருக்கும். இரண்டையும் நகல் எடுத்து வையுங்கள். அதே ரசீது உங்களுக்கு எதிராகவும் பேசும். வீட்டு இணைப்பில் கடை நடத்திக்கொண்டு மனு போடுகிறவர்கள் இரண்டு அலுவலகங்களில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது மண்டலம். மத்திகிரி, ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் எல்லாம் பின்னால் ஓசூரோடு சேர்ந்த பகுதிகள். ஊராட்சியாக, பேரூராட்சியாக இருந்த காலத்துத் தெருக்கள் உள்ளே இருக்கும், பிரதான சாலை முகப்பு வெளியே இருக்கும். உள்தெருவில் இருக்கிற வீட்டுக்கு பாகலூர் ரோட்டு முகப்பு மதிப்பைப் போட்டிருந்தால் அது நியாயமான ஆட்சேபம். பக்கத்து வீட்டுக்காரரின் ரசீதை வாங்கிப் பாருங்கள். ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டு மடங்கு வரி என்றால் எங்கோ தவறு இருக்கிறது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விற்பனையின்போது பில்டர் சொன்ன 'சூப்பர் பில்டப்' அளவையே அப்படியே எழுதிக் கொடுத்திருப்பார்கள். பொது நடைபாதை, லிஃப்ட் எல்லாம் சேர்ந்த எண் அது. அனுமதி பெற்ற வரைபடத்தில் உங்கள் வீட்டின் அளவு என்ன என்று பார்த்து, எதை வைத்து வரி போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கட்டடத்தின் வயது, ஓட்டு வீட்டைக் கான்கிரீட் என்று எழுதியது, இடித்த பகுதி இன்னும் கணக்கில் இருப்பது, ஒரே வீட்டுக்கு இரண்டு வரிவிதிப்பு எண் போன்றவை கிருஷ்ணகிரி பழையபேட்டை மாதிரிப் பழைய பகுதிகளில் அதிகம்.

மனு எப்படி எழுதுவது? யாரிடம் கொடுப்பது?

ஆணையர் பெயருக்கு. மாநகராட்சியானாலும் நகராட்சியானாலும் முதல் கதவு அதுதான். நோட்டீஸிலேயே ஆட்சேபத்துக்கான கெடு அச்சாகியிருக்கும். அந்தக் கெடு நோட்டீஸ் உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது, தேர்தல் தேதியைப் பார்த்து நிற்காது. கவரில் வந்திருந்தால் கவரையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு பக்கம் போதும். வரிவிதிப்பு எண், வார்டு, கதவு எண், எது தவறு, சரியானது எது, இணைப்புகள் என்ன. கிரயப் பத்திர நகல், அனுமதி வரைபடம், பழைய வரி ரசீது, மின் ரசீது, வீட்டின் முன்பக்கப் படம் இரண்டு. பதிவேடு இன்னும் அப்பா பெயரிலேயே இருந்து அவர் இல்லையென்றால், வாரிசுச் சான்றோடு பெயர் மாற்ற மனுவையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் "நீங்கள் யார்?" என்ற கேள்வியிலேயே ஒரு மாதம் போய்விடும். கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் கவுன்டரை விட்டு நகர வேண்டாம். வாங்க மறுத்தால் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

உங்கள் வீட்டை எப்படி அளந்தார்கள் என்றே தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு அளவைப் பதிவின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து ஆட்சேபக் கெடுவைத் தவற விடாதீர்கள். முதலில் மனு, கூடவே தகவல் கேட்பு.

ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளவர்கள் ஏராளம். தமிழில் வந்த நோட்டீஸைப் படிக்கத் தெரியாமல் அலமாரியில் வைத்துவிட்ட பெரியவர்கள் பல தெருக்களில் உண்டு. பக்கத்து வீட்டில் அப்படி யாராவது இருந்தால் ஒரு முறை எடுத்துப் படித்துச் சொல்லுங்கள்.

ஆணையர் நிராகரித்துவிட்டால்?

நகராட்சியில் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று இருக்கிறது. நியமனக் குழு, ஒப்பந்தக் குழு இவற்றோடு சேர்த்து கவுன்சிலர்களிலிருந்தே இதற்கும் ஆள் தேர்ந்தெடுப்பார்கள். செய்தித்தாளில் ஒரு வரியோடு முடிந்துபோகிற தேர்தல் அது. யாரும் கவனிப்பதில்லை. ஆனால் வீட்டு வரியைப் பொறுத்தவரை தலைவர் யார் என்பதைவிட இந்தக் குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் உங்கள் வீட்டைத் தொடுகிற விஷயம். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் "அந்தக் குழு எத்தனை முறை கூடியது?" என்று கேளுங்கள். தற்போதைய கவுன்சிலராக இருந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

மன்றத்தின் காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டால் கவுன்சிலர்களால் ஆன குழுவும் கலைந்துவிடும். 2016லிருந்து 2022 வரை அதுதான் நடந்தது. மேல்முறையீடு இருந்தால் இப்போதே போடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாநகராட்சியில், ஆணையரின் உத்தரவை எழுத்தில் வாங்குங்கள், மேல்முறையீடு எங்கே என்றும் எழுத்திலேயே கேளுங்கள். வாய்மொழியாக "முடியாதுங்க சார்" என்றதை எந்த மன்றத்திலும் காட்ட முடியாது.

நடத்தை விதி அமலில் இருக்கும்போது மனு வாங்க மாட்டோம் என்கிறார்களே?

மாநிலத் தேர்தல் ஆணையம் தேதி அறிவித்தபின் புதுச் சலுகை, புதுத் திட்டம் அறிவிக்கக் கூடாது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டமும் அந்த நாட்களில் நடக்காது, பெட்டி வைத்திருப்பார்கள், அதில் போடலாம். ஆனால் வரி வசூலும், சட்டப்படி வந்த ஆட்சேபத்தைப் பெறுவதும் அன்றாட வேலை. அதை நிறுத்த நடத்தை விதியில் இடமில்லை. ஊழியர்கள் பாதிப்பேர் தேர்தல் பணிக்குப் போயிருப்பார்கள், தாமதமாகும், அது உண்மை. மனுவை வாங்காமல் திருப்பி அனுப்புவது வேறு.

கூடவே இன்னொன்று. அடுக்குமாடிச் சங்கத்தின் மொத்த வரியையும் ரொக்கமாக எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க. 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் இருந்தால் பறக்கும் படை பிடித்து வைத்துவிடும். ஆன்லைனில் கட்டிவிடுங்கள்.

மனு நிலுவையில் இருக்கிறது. வரியைக் கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா? வேட்பாளர் "கட்டாதீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்.

கட்டுங்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி ஏறும். அதை அவர் கட்டப் போவதில்லை. ஏப்ரல் 30க்குள் முதல் அரையாண்டையும், அக்டோபர் 31க்குள் இரண்டாவதையும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். கட்டும்போது "ஆட்சேபத்துக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மனு ஜெயித்தால் கூடுதல் தொகையை அடுத்த அரையாண்டில் கழிக்கச் சொல்லலாம். 2019ல் அரசே அந்த வழியைத்தான் கையாண்டது.

"கட்டாதீங்க" என்று சொல்கிறவரின் சொந்த வரி ரசீதைக் கேட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். உள்ளாட்சிக்கு நிலுவை வைத்திருப்பவர் வேட்பாளராக நிற்கத் தகுதி இழக்கலாம். அதனால் வேட்புமனு நாட்களில் வரி கவுன்டரில் முதல் ஆளாக நிற்பது அவர்கள்தான்.

எனக்கு நிலுவை இருந்தால் ஓட்டுரிமை போய்விடுமா?

போகாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

ஒகேனக்கல் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, சாக்கடை ஓடுகிறது, குப்பை எடுப்பதில்லை. எதற்கு வரி?

கோபம் நியாயம். ஆனால் மேல்முறையீட்டில் இது எடுபடாது. சொத்துவரி ஒரு குறிப்பிட்ட சேவைக்கான விலை இல்லை. வீடு இருக்கிறது, அதனால் வரி. குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், குப்பைக் கட்டணம் இவை பில்லில் தனித்தனியாக வரும். இணைப்பே இல்லாமல் பாதாளச் சாக்கடைக் கட்டணம் போட்டிருந்தால் அதை எதிர்க்கலாம். சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகவும் போகிறது. உங்கள் பகுதிக் கிளை நூலகம் எந்த நிலையில் இருக்கிறது என்று வேட்பாளரிடம் கேட்க அது நல்ல சாக்கு.

தண்ணீர் புகாரை வரி மனுவோடு கலக்காதீர்கள். கலந்தால் இரண்டையும் வேறு வேறு பிரிவுக்கு அனுப்பி, இரண்டுக்கும் பதில் வராது.

போன மாதம் எதிர்க்கட்சி வேட்பாளருக்குக் கொடி கட்டினேன். இந்த மாதம் வீட்டை அளக்க வந்துவிட்டார்கள். பழிவாங்கலா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நிதியாண்டுக் கடைசியில் வசூல் இலக்குக்காக எல்லாத் தெருவிலும்தான் அளப்பார்கள். தெருவில் எத்தனை வீட்டை அளந்தார்கள் என்று பாருங்கள். உங்கள் வீட்டை மட்டும் என்றால் அந்த உண்மையை, தேதியோடு, மனுவில் ஒரே வரியில் எழுதுங்கள். கட்சிப் பெயர் வேண்டாம். அளக்க வந்தவரிடம் அடையாள அட்டை கேளுங்கள், நீங்களும் கூடவே நின்று இன்னொரு டேப்பில் அளந்து, எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தி அனுப்பிவிட்டால் வெளியே நின்று உத்தேசமாக எழுதிக்கொண்டு போவார்கள். உத்தேசம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

புறம்போக்கில் இருக்கிற எங்களுக்கு வரி போட்டுத் தருகிறோம், பட்டா கிடைத்துவிடும் என்கிறார்கள்.

வரி ரசீது பட்டா ஆகாது. குடியிருந்ததற்கு ஒரு ஆதாரமாகக் காட்டலாம், அவ்வளவுதான். பட்டா வருவாய்த் துறை விஷயம், தாசில்தார் அலுவலகத்தோடு தொடர்புடையது. கவுன்சிலர் வேட்பாளரால் அதைத் தர முடியாது.

வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் வரி உயர்வை வாடகையில் ஏற்றுகிறார்.

வரி கட்டும் பொறுப்பு உரிமையாளருடையது. வாடகை உயர்வுக்கு உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். வருடத்துக்கு 500 ரூபாய் கூடிய வரிக்கு மாதம் 500 ஏற்றினால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

கட்சிக்காரர் ஒருவர் "ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நம்ம ஆளு, இவ்வளவு கொடுங்க, பாதியாக்கித் தர்றேன்" என்கிறார். எல்லாரும் செய்கிறார்களே?

அப்படிக் குறைத்த வரி கணினியில் ஏறும்போது அதற்குக் கோப்பு இருக்காது. அடுத்த தணிக்கையில் பழைய அளவோடு ஒப்பிட்டு, குறைந்த தொகை முழுவதையும் நிலுவையாக உங்கள் பெயரில் போடுவார்கள். இடையில் பேசிய ஆள் அப்போது வேறு கட்சியில் இருப்பார். லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம். கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. உள்ளாட்சி நிர்வாகத்தின் முறைகேட்டுக்கு உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கும் எழுதலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஒப்புகை முத்திரை வைத்த மனு நகல் கையில் இருந்தால் அந்த இரண்டு இடத்திலும் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.